வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த வெள்ளைக் கோடு பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வருடத்துக்கு ஒரு தடவை, ஆர்டர் புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் உங்களுக்கு எழுதுவது வழக்கம். இந்த முறை நடுவில் எழுதுகிறேன். காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் அப்படியே எனக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். "இது உங்கள் பட்டறை வாள்தானா?" என்று அன்பாகக் கேட்டவர்களும் உண்டு, அன்பில்லாமல் கேட்டவர்களும் உண்டு. ஆம், எங்கள் வாள்தான். பிடியைக் கழற்றி அடிக்கட்டையைக் காட்டும்போதே தெரிந்துவிட்டது, பொறித்த எண் என் கையெழுத்தில் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் எங்களிடம் வாங்கிய கட்டானாவின் அலகில் பித்தளைப் பாத்திரம் துலக்கும் மெட்டல் பாலிஷைத் தடவித் துணியால் தேய்க்கிறார். மூன்று நிமிடத்தில் வெட்டுவாயை ஒட்டி ஓடும் வெள்ளை அலைக்கோடு மங்கிப்போகிறது. "பார்த்தீர்களா, பெயின்ட்" என்று ஒரு குரல். அவ்வளவுதான் வீடியோ.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்பது மாதம் காத்திருந்து வாங்கிய பொருளில் சந்தேகம் வந்தால் யாருக்கும் மனம் கொதிக்கும். ஆனால் "பெயின்ட்" என்ற அந்த ஒரு சொல் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். தாமதம் என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஹாமோன், அதாவது வெட்டுவாயை ஒட்டிய அந்த அலைக்கோடு, போலி என்பதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. (ஹாமோன் என்று தட்டினால் கைப்பேசி ஹார்மோன் என்று திருத்திவிடுகிறது. இந்த மடலில் எங்காவது அப்படி வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஹாமோன் என்பது அலகின் மேல் வரைந்த கோடு இல்லை. எஃகுக்குள்ளேயே இருக்கும் எல்லை அது. துவைச்சலுக்கு, அதாவது சூடான எஃகைத் தண்ணீரில் இறக்கிக் கடினமாக்குவதற்கு, முன்னால் அலகு முழுக்க மண் பூசுவோம். களிமண், கரித்தூள், அரைத்த கல்தூள் மூன்றும் சேர்ந்த குழம்பு. முதுகுப் பக்கம் தடிமனாக, வெட்டுவாய்ப் பக்கம் மெல்லிசாக. மண் காய்ந்ததும் உலையில் ஏற்றி, எஃகு சரியான சிவப்புக்கு வந்ததும் தண்ணீரில் இறக்குவோம். வெப்பம் தோராயமாக 750 முதல் 800 டிகிரி செல்சியஸ். நிறம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையை எப்போதும் விளக்கை அணைத்துவிட்டுச் செய்கிறோம். பட்டறையைப் பார்க்க வந்த நண்பர்கள் சிலர் அந்த இருட்டில் என்னோடு நின்றிருக்கிறீர்கள்.

மண் மெல்லிசாக இருக்கும் வெட்டுவாய் ஒரு நொடியில் குளிர்ந்து மார்ட்டன்சைட் ஆகிறது. அது மிகக் கடினமானது, கூர் நிற்கும், ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. தடித்த மண்ணுக்குள் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து பெர்லைட் ஆகிறது. அது மென்மை, அடி தாங்கும். இந்த இரண்டும் சந்திக்கும் இடம்தான் ஹாமோன். மார்ட்டன்சைட்டுக்குக் கன அளவு கொஞ்சம் அதிகம் என்பதால் வெட்டுவாய் விரிந்து, அலகு பின்பக்கமாக வளைகிறது. தண்ணீரில் இறங்கியதும் அலகு முதலில் முன்னால் குனிந்து, பிறகு பின்னால் நிமிரும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிர்வில் எனக்கு மூச்சு நின்றுவிடும். சில சமயம் "டிணுக்" என்று சின்னச் சத்தம் கேட்கும். கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம், நல்ல அர்த்தத்தில் இல்லை. வெட்டுவாயில் விரிசல். அந்த அலகை உங்களில் யாரும் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. உடைத்துத்தான் போடுவோம்.

பெயின்ட் அடிப்பவனுக்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு? 1060 என்ற ஆலை எஃகை எண்ணெயில் தோய்த்து, கம்பித் தூரிகையால் ஒரு அலையை இழுத்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.

உங்கள் கையில் இருக்கும் வாளை நீங்களே சோதிக்கலாம். அறையில் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொள்ளுங்கள், டியூப்லைட் வேண்டாம். வெட்டுவாயை மேலே பார்த்தபடி வைத்து, முனையை விளக்கை நோக்கி நீட்டி, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தூரிகை போட்ட போலிக் கோடு எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி அசட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கும். உண்மையான எல்லை விளக்கொளி அதில் விழும் கோணத்தில் மட்டும் எழும். பனிமூட்டம் மாதிரி தெரிவது நியோய். தனித்தனியாக மினுக்கும் மணிகள் நியே. அப்புறம் முனையைப் பாருங்கள். எல்லை முனைக்குள்ளும் ஏறி, திரும்பி முதுகைத் தொட வேண்டும். அதற்கு போஷி என்று பெயர். போலி செய்பவர்கள் பலர் முனைக்கு வந்ததும் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். அந்த வீடியோவிலேயே, இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு, தேய்த்த அலகைச் சாய்க்கும்போது போஷி பளிச்சென்று தெரிகிறது. தேய்த்தவர் அதைக் கவனிக்கவில்லை. நான் நிறுத்தி நிறுத்தி ஏழெட்டுத் தடவை பார்த்தேன்.

அப்படியானால் தேய்த்ததும் போனது எது என்று கேட்பீர்கள். போனது வெண்மை. எல்லை போகவில்லை. இரண்டும் வேறு. ஜப்பானிலேயே இன்று பெரும்பாலான வாள்களில் கண்ணைப் பறிக்கும் வெண்மை ஹதோரி என்ற மெருகு முறையில் வருவது. மெய்ஜி காலத்தில் (1868–1912) பரவிய முறை. காகிதம் போல மெலிந்த கல்துண்டைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து, எல்லையை ஒட்டி ஒட்டித் தேய்த்து வெண்மையை எழுப்புவார்கள். அதாவது அங்கேயும் அது மெருகுக்காரரின் கைவேலைதான். அங்கே மெருகு ஒரு தனித் தொழில். கொல்லர் வேறு, மெருகுக்காரர் வேறு, உறை செய்பவர் வேறு. ஹொனாமி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாள் மெருகும் மதிப்பீடுமே தொழிலாக வைத்திருந்தது.

மெருகு என்று வந்ததும் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் மடல்களில் "கல் அண்ணன்" என்று நீங்கள் செல்லமாக எழுதுவீர்களே, அவர்தான். ஒன்பது வருடம் எங்கள் அலகுகள் எல்லாவற்றுக்கும் கடைசிக் கல் பிடித்தவர். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, ஈரக் கல்லில், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு விரல் அகலமாக. முழங்காலும் மணிக்கட்டும் இனி ஒத்துழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன வருட மத்தியில் விலகிக்கொண்டார். சண்டை ஏதும் இல்லை, அப்படி ஒரு வதந்தி கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன். போகும்போது தன் உச்சிகுமோரி என்ற மெருகுக் கல்லை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொழிலை எட்ட நின்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. உலையடியில் நிற்க இளைஞர்கள் வருகிறார்கள், தீப்பொறி பறக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம். கல்லடியில் உட்கார யாரும் வருவதில்லை.

இடைப்பட்ட காலத்தில் அனுப்பிய சில அலகுகளுக்கு, எண் 61 முதல் 71 வரை, கடைசி மூன்று கற்களுக்குப் பதிலாக நீர்த்த அமிலம் கொண்டு வெண்மையை எழுப்பினோம். பல நாடுகளில் பல பட்டறைகள் செய்வதுதான். ஆர்டர் தாளில் "முழுக்கக் கல் மெருகு" என்றிருந்த வரியை அப்போதே திருத்தியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

அமிலம் ஹாமோனை உண்டாக்காது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடினமான பகுதியும் மென்மையான பகுதியும் அமிலத்தில் வேறு வேறு விதமாக நிறம் மாறுகின்றன, அதனால் ஏற்கெனவே இருக்கும் எல்லை துலங்குகிறது. மண் பூசாத அலகை அமிலத்தில் நாள் முழுக்க ஊறவைத்தாலும் அலை வராது, கறைதான் வரும். அந்த வெண்மை மேலாக நிற்பது என்பதால் மெட்டல் பாலிஷ் பட்டால் போய்விடும். சொல்லப்போனால் மெட்டல் பாலிஷ் எந்த மெருகிட்ட அலகிலும் படக்கூடாது, கல் மெருகையும் அது கெடுக்கும். எங்கள் பராமரிப்புத் தாளிலேயே இருக்கிறது. பின்பக்கத்தில், கடைசி வரியில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தாளில் முன்பக்கத்துக்கு வரும்.

இன்னொரு பேச்சும் அந்த வீடியோவோடு சேர்ந்து சுற்றுகிறது: "இவர்கள் ஜப்பானிய வாள் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்." நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஜப்பானிய பாணி என்றுதான் முதல் நாளிலிருந்து எழுதுகிறோம். நிஹொன்டோ என்றால் ஜப்பானில், உரிமம் பெற்ற கொல்லர் செய்தது. அந்த உரிமத்துக்கு 5 வருடம் குருவிடம் இருந்து பயில வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் மாதத்துக்கு 2 நீள வாள்களுக்கு மேல் செய்யக்கூடாது. அவர்கள் பயன்படுத்தும் தமஹகானே எஃகு ஷிமானே மாகாணத்தின் ஒகுயிசுமோவில், இரும்பு மணலையும் மரக்கரியையும் கொட்டி மூன்று பகல் மூன்று இரவு எரிக்கும் தத்தாரா உலையில் வருவது. 1977 முதல் ஜப்பானிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் அந்த உலையை நடத்துகிறது, எஃகு அந்நாட்டுக் கொல்லர்களுக்குத்தான் போகிறது. எங்கள் கைக்கு வருவது 1095, T10 என்ற ஆலை எஃகு. ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன் கொண்ட, சுத்தமான, ஒரே சீரான எஃகு.

அதனால்தான் "எத்தனை மடிப்பு?" என்று கேட்பவர்களிடம் மடிப்பு தேவையில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். தமஹகானேயில் கார்பன் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் இருக்கும், கசடும் இருக்கும். அதைச் சீராக்கத்தான் மடித்து மடித்து அடித்தார்கள். 10 முறை மடித்தால் 1,024 அடுக்கு, 15 முறை என்றால் 32,768. ஏற்கெனவே சீராக இருக்கும் எஃகை மடிப்பது அழகுக்கு மட்டுமே, மரத்தின் வரி போன்ற ஜிஹாதா தெரியும் என்பதற்காக. அழகு வேண்டுமென்றால் செய்து தருகிறோம். வாள் அதனால் பலமாகும் என்று சொல்லிப் பணம் வாங்க மனம் வரவில்லை. அடிக்கட்டையில் மாசாமுனே என்று புகழ்பெற்ற ஜப்பானியக் கொல்லரின் பெயரைப் பொறித்துத் தரச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். எழுநூறு வருடத்துக்கு முன்னால் இருந்த மனிதர், அவரை விட்டுவிடுவோம்.

சம்மட்டி இயந்திரம் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். இருக்கிறது. எஃகை நீட்டுவதற்கு அது, வடிவம் கொண்டுவருவதற்குக் கை. என் தோளுக்கும் வயதாகிறது.

இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தெம்பு தந்தவர்கள் நீங்கள். வீடியோ வந்த மறுநாளே ஒரு வாடிக்கையாளர் தன் நான்கு வாள்களையும் ஒரே விளக்கடியில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார், கூடவே ஒரு வரிகூட எழுதவில்லை. இன்னொருவர் முதல் வாளுக்கு நாகசா (அலகின் நீளம்) 2 ஷாகு 3 சுன், அதாவது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் என்றும், முனை எவ்வளவு நீளம், எந்த இடத்தில் வளைவு ஆழமாக வேண்டும் என்றும் பன்னிரண்டு பக்கம் எழுதியவர். எனக்கு வளைவைப் பற்றிக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பன்னிரண்டு பக்கம்தான். பிடியின் நாடாவை நான் ஒரு இடத்தில் தப்பாகத் திருப்பியிருந்ததைக் கண்டுபிடித்து, "அப்படியே இருக்கட்டும், உங்கள் அடையாளம்" என்று எழுதிய அம்மாவையும் மறக்கவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சேகரிப்பாளர் பொறுமையாகக் காத்திருப்பதால்தான் இந்த மாதிரிச் சின்னப் பட்டறை உயிரோடு இருக்கிறது.

இனி என்ன செய்யப் போகிறோம் என்றால், அண்ணன் வீட்டிலிருந்தபடியே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி தருகிறார். கையும் கண்ணும் நல்ல கை, நல்ல கண். அந்தப் பெண் தனியாக ஒரு அலகை முடிக்கும்வரை, புது ஆர்டர்களில் கல் மெருகா அமில மெருகா என்று நீங்களே குறிக்க ஆர்டர் தாளில் இரண்டு கட்டம் இருக்கும். கல் மெருகுக்கு இனி ஒன்பது மாதம் இல்லை, பதினான்கு.

61 முதல் 71 வரை எண் உள்ளவர்கள் விரும்பினால் அலகைத் திருப்பி அனுப்பலாம், கல் மெருகு போட்டுத் தருகிறேன். கூலி கிடையாது. வீடியோ போட்டவருக்கும் இதுவே பொருந்தும், அவருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்

பி.கு.: அனுப்புகிறவர்கள் பிடி, உறை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அலகை மட்டும் அனுப்புங்கள். பிடியை அடிக்கட்டையோடு பிணைக்கும் மூங்கில் ஆணியைத் தட்டும்போது மெல்லிய பக்கத்திலிருந்து தட்டவும். கிராம்பு எண்ணெய் கலந்த வாள் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, காகிதத்தில் சுற்றி, அசையாமல் கட்டவும். அடிக்கட்டையில் படிந்திருக்கும் துருவைத் தயவுசெய்து தேய்க்க வேண்டாம். உங்கள் நாட்டில் வாளை அனுப்பவும் திரும்பப் பெறவும் என்ன அனுமதி வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரு வழி அனுப்பும் செலவை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.