முதல் கிளிப்பை டைம்லைனில் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணைப்பிதழில் வீடியோ எடிட்டிங் பற்றிய தொடர் தொடங்கியிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முதல் பகுதியை இரண்டு முறை படித்தேன். அதில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். புதியவர்கள் ஏதாவது ஒரு கிளிப்பை (எடுத்த வீடியோத் துண்டை) டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், இழுத்துப் போட்டால் போதும், மற்ற அமைப்புகளை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று அதில் இருந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் எனக்கு மூன்று வாரம் போனது.

நான் காது கேளாத பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். வகுப்பில் நடத்தியதை அவர்கள் வீட்டில் மறுபடி பார்ப்பதற்காகச் சைகை மொழியில் பாட வீடியோக்கள் செய்கிறேன். கூடவே உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்காக என் குரலையும் சேர்ப்பேன், கீழே சப்டைட்டிலும் ஓடும். பின்னங்கள் பற்றிய பாடம் 42 நிமிடம் வந்தது. முடித்து அனுப்பிய மறுநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “டீச்சர், வீடியோவில் உங்கள் கை குதிக்கிறது” என்று சைகையில் சொன்னாள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் கையையே பார்த்து மொழியைப் படிக்கும் கண் அவளுடையது. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். கை அப்போதும் குதித்தது. போனில் கோளாறு என்று நினைத்து வேறு போனில் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே கதை. கடைசியில்தான் எடிட்டிங் திரையின் ஓரத்தில் இருந்த 25 என்ற எண் கண்ணில் பட்டது. நான் போனில் எடுத்தது நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனிப் படங்கள். 25 எங்கிருந்து வந்தது? ப்ராஜெக்ட் தொடங்கிய நாளில் முகப்புக்காக ஒரு பழைய கேமராவில் எடுத்த சின்ன கிளிப்பை முதலில் போட்டிருந்தேன். எட்டு நொடி கிளிப். அது 25 ஃபிரேம். அதைப் போட்டவுடன் ஒரு பெட்டி வந்து, ப்ராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணை) இந்தக் கிளிப்புக்கு ஏற்ப மாற்றட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆமாம் என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். பிறகு வந்த கிளிப்புகள் எல்லாமே 25-க்குள் அடங்கவேண்டியதாயிற்று.

நொடிக்கு 30 படங்கள் இருக்கும் வீடியோவை 25 இடங்களில் அடைத்தால் ஐந்து படங்கள் வெளியே போகும். ஆறு படத்துக்கு ஒன்று. சாதாரணப் பேச்சு வீடியோவில் இது பெரிதாகத் தெரியாது. விரல்கள் வேகமாக வடிவம் மாற்றும் சைகை மொழியில் தெரியும். எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது, 30 என்று கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பி அதையும் செய்து பார்த்தேன். போன படங்கள் திரும்பி வரவில்லை. இருக்கும் 25 படங்களில் ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரண்டு முறை வந்து எண்ணிக்கை மட்டும் 30 ஆனது. குதிப்பு போய்த் திக்கல் வந்தது.

அப்புறம் ஃபிரேம்களைக் கலக்கும் வசதி ஒன்று இருந்தது. அதைப் போட்டால் அசைவு மென்மையாகும் என்றார்கள். பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாகப் பதிப்பதுதான் அது. நான் மூன்று விரல் காட்டிய இடத்தில் நிழல் விரல்களோடு ஐந்து தெரிந்தது. அசைவைக் கணித்து இடையில் புதுப் படங்களை வரையும் இன்னொரு வசதி, ஒட்டியிருந்த இரண்டு விரல்களை ஒன்றாக உருக்கிவிட்டது. கணக்குப் பாடத்தில் மூன்று ஐந்தாகவும் இரண்டு ஒன்றாகவும் தெரிந்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? மேகம் நகர்வதையும் தண்ணீர் ஓடுவதையும் அழகாக்க அந்த வசதிகள் உதவலாம். பேசும் கைகளுக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று இதே வேலையைச் செய்யும் ஆசிரியர்களை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ப்ராஜெக்டின் ஃபிரேம் ரேட்டையே மாற்றிவிடலாம் என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், அந்த எண் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. தொட முடியவில்லை. டைம்லைனில் கிளிப் வந்துவிட்டால் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாத மென்பொருள்கள் பல இருக்கின்றன. அதற்குக் காரணமும் உண்டு. எந்த வெட்டு எங்கே என்பதை அவை பெரும்பாலும் நேரமாக வைத்துக்கொள்வதில்லை, எத்தனையாவது ஃபிரேம் என்று எண்ணி வைத்துக்கொள்கின்றன. 25-இல் பத்தாவது நிமிடம் என்பது 15,000-ஆவது ஃபிரேம். அதே 15,000 என்ற எண் 30-இல் எட்டு நிமிடம் இருபதாவது நொடியில் போய் நிற்கும். நேரத்தைக் காப்பாற்றி மாற்றினாலும் சிக்கல் தீராது. 25-இல் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி, 30-இல் சுமார் 33. பழைய வெட்டுகள் புது ஃபிரேம்களின் எல்லைக் கோடுகளின் மேல் சரியாக உட்காராமல் முன்னும் பின்னும் நகரும், சில இடங்களில் இரண்டு கிளிப்புக்கு நடுவே ஒரு ஃபிரேம் அளவுக்குக் கறுப்பு இடைவெளி விழும். முழுக்கக் கண்ணை நம்பிப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மின்னலே கவனத்தைக் கலைக்கப் போதும்.

ஆகவே மென்பொருள் பூட்டுவதை நான் குறை சொல்லவில்லை. பூட்டப்போகிறேன் என்று முன்னாலேயே சொல்லாததுதான் குறை. அந்தப் பெட்டியில் “இதை இனி மாற்ற முடியாது” என்று ஒரு வரி, அதுவும் தமிழில், இருந்திருந்தால் நான் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பேன்.

நான் மீண்ட வழியையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். 30-இல் புது ப்ராஜெக்ட் தொடங்கி, முதலில் போனில் எடுத்த கிளிப்பைத்தான் போட்டேன். வெட்டுகளைப் பழையதிலிருந்து நகலெடுக்காமல், பழைய டைம்லைனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கையால் மறுபடி வெட்டினேன். சப்டைட்டிலை மட்டும் எஸ்ஆர்டி (SRT) என்ற சப்டைட்டில் கோப்பாக வெளியே எடுத்துப் புது ப்ராஜெக்டில் சேர்த்தேன். அந்தக் கோப்பு ஃபிரேமை எண்ணுவதில்லை, மணி, நிமிடம், நொடி, மில்லிநொடி என்று நேரத்தையே எழுதி வைக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் வரிகளும் அததற்குரிய இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதும் ஒரு பாக்கி இருந்தது. 25 நிமிடத்துக்குப் பிறகு என் குரல் கையை விட்டு விலகத் தொடங்கியது. பல போன்கள் சீரான ஃபிரேம் ரேட்டில் பதிவு செய்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு இத்தனை என்ற எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத ஃபிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகுதான் குரலும் கையும் ஒன்று சேர்ந்தன. இப்போது எடிட்டிங்குக்கு முன் எல்லாக் கிளிப்பையும் இப்படி மாற்றிக்கொள்கிறேன். ஒவ்வொரு படமும் இன்னும் குறைந்த நேரத்தில் பதிவாகும்படி ஷட்டர் வேகத்தையும் கூட்டி வைக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு படத்திலும் விரல் இழுபட்டுத் தெரிந்தால் ஃபிரேம் ரேட் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

தொடரை எழுதுகிறவருக்கு ஒரு வேண்டுகோள். அமைப்புப் பட்டியலில் 24, 25, 30 ஆகியவற்றோடு 23.976, 29.97 என்றெல்லாம் எண்கள் வருவதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புகிறார்கள். அவற்றின் கதையைச் சொல்லுங்கள். 24 பேசும் படங்களோடு நிலைபெற்றது. 25-உம் 30-உம் மின்சாரம் நொடிக்கு 50 முறையும் 60 முறையும் துடிக்கும் நாடுகளின் தொலைக்காட்சியில் பிறந்தவை. 1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கான முறையை வகுத்தபோது 30-ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்ததால் 29.97 வந்தது. 30-க்கும் 29.97-க்கும் ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம், அதாவது 3.6 நொடி வித்தியாசம் சேர்ந்துவிடும் என்று தெரிந்தால், இரண்டும் ஒன்றுதானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். என் மாணவர்களுக்கு இதையே ஒரு பின்னக் கணக்காகக் கொடுத்தேன், ஆர்வமாகப் போட்டார்கள்.

எழுத்துருவும் வண்ணமும் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அவற்றுக்கு முதல் பகுதியில் அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது பகுதி அச்சுக்குப் போகும் முன், எந்தக் கேமராவில் அதிகம் எடுக்கப்போகிறீர்களோ அதன் ஃபிரேம் ரேட்டைப் பார்த்து, ப்ராஜெக்டில் அதை வைத்துவிட்டு, அதன் பிறகே முதல் கிளிப்பைப் போடுங்கள் என்ற திருத்தத்தை அதன் தொடக்கத்திலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காது கேளாத மாணவர்களுக்குக் கணக்கு கற்பிக்கும் ஓர் ஆசிரியை