அண்ண விரிப்பானும் அதன் சாவியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைக்கு மேல்தாடை விரிப்பான் பொருத்த நினைக்கும் டர்பன் பெற்றோருக்குச் சில விஷயங்கள்.

ஒடுங்கிய மேல்தாடையை அகலமாக்க, அண்ணத்தின் நடுவே இரு எலும்புகள் சேரும் இணைப்பை இக்கருவி பிரிக்கிறது. பருவ வயது கடந்து இணைப்பு இறுகிவிட்டால் பற்கள்தான் வெளியே சாயும். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாகக் கடித்தால் ஏழெட்டு வயதிலேயே காட்டிவிடுங்கள்.

வீட்டில் கெடுவது பெரும்பாலும் கருவியின் திருகைத் திருப்பும் சிறு சாவியால்தான். திருகின் முன்துளையில் நுழைத்து, அடுத்த துளை முழுதாகத் தெரியும்வரை தொண்டைப் பக்கம் தள்ள வேண்டும். ஒரு திருப்பு பொதுவாக 0.25 மி.மீ. பாதியில் நிறுத்தினால் மறுமுறை சாவி நுழையாது. எடுக்கும்போது முன்னால் இழுத்தால் திருகு பின்வாங்கிவிடும், பின்பக்கமாகவே உருவுங்கள். சாவியின் நூலை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், பிள்ளை விழுங்கிவிடலாம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துத் திருப்பக் கூடாது.

சில நாளில் முன்பற்கள் நடுவே சந்து விழும். பயந்து நிறுத்திவிடுகிறார்கள்! எலும்பு பிரிந்ததற்கு அதுவே அடையாளம். பெரும்பாலும் தானே மூடும். திருப்பி முடித்தபின் 3 முதல் 6 மாதம் கருவி வாயிலேயே இருக்கட்டும். புது எலும்பு நிரம்பாமல் கழற்றினால் தாடை பழையபடி ஒடுங்கும்.

பில்டாங் (உலர்த்திய இறைச்சி), டாஃபி இரண்டும் கருவியைப் பல்லில் பிடித்திருக்கும் பட்டையைப் பெயர்க்கும். பட்டை ஆடினால் திருப்பாமல் மருத்துவரிடம் போங்கள்.

குறட்டைக்கு இக்கருவியே மருந்து என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) வீக்கத்தைத் தொண்டை மருத்துவர் முதலில் பார்க்கட்டும்.

பல் சீரமைப்புப் பிரிவினர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்