குளிசையை அல்ல, குளிசை போட்ட நாட்களை எண்ணுங்கள்

கொழும்பு 06

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

பொருள்: மைக்கிரேன் பதிவுச் செயலியின் தமிழ்ப் பதிப்பிலுள்ள பிழைகளும் சந்தாப் பணமும்

உங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டிய கொழும்புப் பாவனையாளர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். தலையிடி வந்த நாள், போட்ட மருந்து, அது கேட்டதா இல்லையா என்று ஒழுங்காகக் குறித்து வைப்பது மைக்கிரேன்காரருக்குப் பெரிய உதவி. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தடுப்பு மருந்து வேண்டுமா என்று வைத்தியர் தீர்மானிக்கிறார். உங்கள் செயலி கொடுக்கும் கணக்கோ பிழையாக இருக்கிறது.

முதலாவதும் பாரதூரமானதும் மருந்து எச்சரிக்கை. வலிநிவாரணியை அடிக்கடி போட்டால் அதுவே தலையிடியை வரவழைக்கும். அதற்கான அளவுகோல் நாட்கணக்கு: பரசிற்றமோல், இபுபுரூபன் போன்ற தனி மருந்து மாதத்தில் 15 நாள் அல்லது கூட, டிரிப்டான், எர்கொட்டமின் போன்ற மைக்கிரேன் மருந்துகள், கொடீன், கலவை வலிநிவாரணி என்றால் 10 நாள் அல்லது கூட, இப்படி 3 மாதத்துக்கு மேல் தொடர்வது. உங்கள் செயலி நாட்களை விட்டுவிட்டுக் குளிசைகளை எண்ணுகிறது. எந்த மருந்தானாலும் 15 குளிசை தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை. ஒருவர் மூன்றே நாட்களில், நாளுக்கு மூன்று தரம், தரத்துக்கு இரண்டு பரசிற்றமோல் போட்டால் 18 ஆகிவிடும், அவரைப் பயமுறுத்துகிறது. கொடீன் கலந்த குளிசையை நாளுக்கு ஒன்றாக 12 நாள் போட்டவருக்கு வாயே திறப்பதில்லை. உண்மையில் ஆபத்தில் இருப்பவர் இந்த இரண்டாமவர். அதோடு மாதம் பிறந்ததும் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போவதால், மூன்று மாதத் தொடர்ச்சியை எந்தத் திரையிலும் பார்க்க முடியாது.

இதே கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மருந்துப் பட்டியலில் பரசிற்றமோலுக்கு அசிற்றமினோபன் என்ற மறுபெயர் மட்டும் இருக்கிறது. கொழும்பில் பாமசியில் போய் அப்படிக் கேட்பவர் யார்? பனடோல் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அதைச் செயலி ‘பிற குறிப்பு’ பெட்டிக்குள் போட்டுக் கணக்கிலிருந்தே விட்டுவிடுகிறது. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருப்பதால், நாளுக்கு 4 கிராம் என்ற உச்ச அளவை ஒருவர் தாண்டினாலும் செயலிக்குத் தெரியாது.

நேரக் கணக்கும் பிழை. பதிவுகள் கிரீனிச் நேரத்தில் சேமிக்கப்படுகின்றன. அறிக்கை தயாராகும்போது நமது ஐந்தரை மணித்தியாலம் சேர்க்கப்படுவதில்லை. ஜூலை 1 விடியற்காலை 3 மணிக்குப் போட்ட சுமாட்ரிப்டான் என்ற டிரிப்டான் மருந்து, அறிக்கையில் ஜூன் 30 இரவு 9.30 ஆகிறது. ஜூலையில் 10 நாளாக இருந்தது 9 ஆகிவிடும்; எல்லையைத் தொட்டது மறைந்துபோகும். மருந்து போட்ட நேரத்தைப் பிறகு திருத்தவும் வழியில்லை. சத்தியும் ஓங்காளமுமாகப் படுத்துக் கிடந்தவர் மறுநாள் காலையில் பதிந்தால், காலையில்தான் மருந்து போட்டார் என்று எழுதிக்கொள்கிறது. வலி தொடங்கியவுடன் போட்டாரா, முற்றியபின் போட்டாரா என்பது வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று.

மைக்கிரேனால் எத்தனை நாள் வேலை கெடுகிறது என்று அளக்கும் மிடாஸ் வினாக்கொத்தின் தமிழாக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. கடந்த 3 மாதத்தில் வேலைக்குப் போகாத நாட்கள் எத்தனை என்பது முதற் கேள்வி. வேலைத்திறன் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்த நாட்கள் எத்தனை என்பது இரண்டாவது. இதில் ‘முதற் கேள்வியில் எண்ணிய நாட்களைச் சேர்க்க வேண்டாம்’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். தமிழில் அது இல்லை. 4 நாள் போகாமல், வேறு 3 நாள் அரைகுறையாக வேலை செய்தவர் 4, 3 என்று எழுதினால் மொத்தம் 7, பாதிப்பில் இரண்டாம் தரம். குறிப்பு இல்லாததால் 4, 7 என்று எழுதி 11 எடுக்கிறார், மூன்றாம் தரம். வீட்டு வேலை பற்றிய மூன்றாம், நான்காம் கேள்விகளிலும் இதே குறை. புள்ளியில் சேரக்கூடாத கடைசி இரண்டு கேள்விகளையும், அதாவது மொத்தத் தலையிடி நாட்களையும் வலியின் அளவையும், செயலி கூட்டிவிடுகிறது.

மொழிபெயர்ப்பு பொதுவாகவே கவனமில்லாதது. பெரும்பாலும் தலையிடிக்குச் சற்று முன் வரும் அறிகுறிகளைக் குறிக்கும் ‘ஓரா’ என்பதை ‘ஒளிவட்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். சாமி படத்துக்குப் பின்னால் இருப்பதுதான் அது. கண்ணில் நெளிநெளியாக மின்னும் கோடு, பார்வையில் ஒரு பகுதி மறைதல், கையிலும் முகத்திலும் ஊசி குத்துவது போன்ற விறைப்பு, பேச்சுத் தடுமாற்றம் என்று விளக்கிக் கேட்டால் எவரும் சரியாகப் பதில் சொல்வார். மைக்கிரேனுக்குத் தமிழில் சொல்லும் ‘ஒற்றைத் தலைவலி’ என்ற பெயரை வைத்து, வலி ஒரு பக்கமா என்று கேட்டு, இல்லை என்றால் பதிவையே மூடிவிடுகிறது. மைக்கிரேன் இரண்டு பக்கமும் வரும்.

வெளிச்சமே தாங்காத வேளையில் திறக்க வேண்டிய திரை பளிச்சென்ற வெள்ளையாக, அசையும் படத்தோடு, மணிச் சத்தத்தோடு வருகிறது. 14 கேள்விக்கும் பதில் சொல்லாமல் சேமிக்காது. கறுப்புப் பின்னணி, சத்தமின்மை, ‘தொடங்கியது’, ‘மருந்து போட்டேன்’, ‘முடிந்தது’ என்ற மூன்று பொத்தான்கள் போதும். மற்றதை மறுநாள் நிரப்பலாம்.

தூண்டற்காரணிப் பட்டியலில் சிவப்பு வைனும் பழைய சீஸும் இருக்கின்றன. வெயில், விரதம், நேரம் தப்பிய சாப்பாடு, பிளேன்டீ இல்லை. சொக்கலேட் மூன்று தரம் ஒத்துப்போனால் அதுதான் காரணம் என்று தீர்ப்பும் சொல்கிறது. தலையிடிக்கு முந்திய நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு ஆசை வருவது மைக்கிரேனின் தொடக்கக் கட்டமாகவே இருக்கலாம்; அந்த ஆசையில்தான் சொக்கலேட்டைச் சாப்பிட்டிருக்கலாம்.

அவசரப் பக்கத்தில் 911 என்றிருப்பதை இன்றே மாற்றுங்கள். இங்கே அம்புலன்ஸ் இலக்கம் 1990. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் திடீர்த் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், முதன்முறையாக ஒரு பக்கம் பலம் குறைதல் ஆகியவற்றுக்கு முன்னால் அந்த இலக்கம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை: மேற்கண்ட கணக்குப் பிழைகளைத் திருத்தி, பழைய பதிவுகளையும் மீளக் கணித்து, ஏற்கெனவே அறிக்கை எடுத்தவர்களுக்கு அது பிழை என்று தமிழில் அறிவியுங்கள். அவர்களில் சிலர் அதைக் கிளினிக்கில் காட்டியிருப்பார்கள். மிகுதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவோம். திருத்தம் வரும்வரை மருந்து எச்சரிக்கைப் பகுதியை மட்டுமாவது நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கொழும்புச் சந்தாதாரர்கள்