பாடம் தெரிந்தால்தானே சொல்லித்தர முடியும்?

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம். செயல்வழி, வீடியோ, விளையாட்டு என்று கற்பிக்கும் முறை பற்றியே பேசுகிறோம், எல்லாம் சரி, பாடமே சரியாகத் தெரியாதவர் அதையெல்லாம் வைத்து என்ன செய்வார்? 3-ஐ அரையால் வகுத்தால் 6 வருகிறதே, வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று என் மகள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். “தலைகீழாக்கிப் பெருக்கு, அதுதான் விதி” என்று பதில் வந்ததாம். மூன்று தாள்களைப் பாதி பாதியாகக் கிழித்து எண்ணச் சொல்லியிருந்தால் ரெண்டு நிமிட வேலை.

பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, பிள்ளை எங்கே தடுமாறும் என்பதும் தெரிய வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-லேயே எழுதினார். முதலாவது இல்லாமல் அந்த இரண்டாவது எங்கிருந்து வரும்? ஆசிரியர் பயிற்சிகளில் பாடத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

- ஒரு பெற்றோர்