மாதக்கணக்கில் தங்குவோருக்கு ஏன் நாள் வாடகை?

ஆசிரியர் அவர்களுக்கு,

காணி அலுவலாகக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் அலையும் புலம்பெயர் உறவுகள், வீதி வேலைக்கு வரும் பொறியியலாளர்கள், இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், யாழ். பல்கலைக்கழகத்தின் அறிவியல் நகர் வளாகத்துக்கு ஆய்வுக்கு வருவோர் என்று வன்னியில் இரண்டு கிழமை, ஒரு மாதம் தங்கவேண்டியவர்கள் பலர். இவர்களில் அநேகர் விடுதி அறையின் ஒரு நாள் வாடகையை முப்பதால் பெருக்கிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. "கொஞ்சம் குறையுங்கோ அண்ணை" என்று கேட்டால் ஐந்நூறு ரூபா குறையும். விடுதிக்காரரின் கணக்கைத் தெரிந்துகொண்டு கேட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைய இடமுண்டு.

அந்தக் கணக்கு இதுதான். நாளுக்கு 5,000 ரூபா அறை என்று வைப்போம். மாதத்தில் பாதி நாள் அறை பூட்டிக் கிடந்தால் கைக்கு வருவது 75,000. ஆட்கள் இணையத்தில் பதிந்து வந்தவர்கள் என்றால் 15 வீதமளவில் தரகு போய் 63,750 தான் மிஞ்சும். ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் பெட்சீற், தலையணை உறை, துவாய் எல்லாம் தோய்க்க வேண்டும், அறை கழுவ வேண்டும். ஆகவே 30 நாளுக்கு 90,000 தருகிறேன் என்று ஒருவர் நேரே வந்து சொன்னால் விடுதிக்காரருக்கு அது நட்டமில்லை. விலையை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சை உரிமையாளரோடு வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் நிற்கும் தம்பிக்கு விலை குறைக்கும் அதிகாரம் இருக்காது. காலை பத்து, பதினொரு மணி, போகிறவர்கள் போய் அறைகள் வெறுமையாகும் நேரம், பேச ஏற்றது.

விலை குறைய நீங்களும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். காலைச் சாப்பாடு வேண்டாம், பெட்சீற்றும் துவாயும் கிழமைக்கு இரண்டு தரம் மாற்றினால் போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆனால் முழு மாதப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். மாத விலையைப் பேசி, ஒவ்வொரு ஏழு நாளுக்கும் முற்பணமாகக் கட்டுவதே பாதுகாப்பு. அநேகமான சண்டைகள் இடையில் வெளிக்கிடும்போதுதான் வருகின்றன. பன்னிரண்டாம் நாள் அலுவல் முடிந்து புறப்பட்டால், "மாதம் நிற்கவில்லைத்தானே" என்று தங்கிய எல்லா நாளையும் 5,000 படி கணக்குப் பார்ப்பார்கள். முன்னரே போனால் கிழமை விலைப்படிதான் கணக்கு என்று தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஏசி. 12,000 பி.ரி.யூ (BTU, குளிரூட்டும் அளவு) பழைய வகை ஏசி ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிற் இழுக்கும். எட்டு மணித்தியால இரவுக்கு ஆறிலிருந்து எட்டு யூனிற். மின்விசிறிக்கு அதே இரவில் அரை யூனிற் போதும். விடுதிக்காரர் மாதத் தங்கலுக்குப் பயப்படுவதே இதனால்தான்: ஆள் வெளியே போன பிறகும் அறையில் ஏசி ஓடுமே என்று. ஏசி அறையையே ஏசி இல்லாத விலைக்குக் கேளுங்கள். மின்சாரத்தை அந்த அறைக்கென்று பூட்டிய உப மீற்றர்படி தனியே தருவதாகச் சொல்லுங்கள். யூனிற் விலையாக, விடுதியின் கடைசி மின் பில் தொகையை அதிலுள்ள யூனிற்றால் பிரித்து வருவதை வைத்தால் இருவருக்கும் நியாயம். உள்ளே போகும் அன்றே மீற்றர் இலக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வட்சப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மாத விலை பேச முன்னர் ஓர் இரவு நாள் வாடகையில் தங்கிப் பார்ப்பது நல்லது. விடியற்காலை ஆறு மணிக்கு, எல்லா அறையிலும் குளிக்கும் நேரத்தில், குழாயைத் திறந்து வாளி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். சவரின் துளைகளில் வெள்ளைக் கற்படிவு அடைத்திருந்தால் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடிய கல்தண்ணீர். 20 லீற்றர் குடிதண்ணீர்ப் போத்தலை யார் தருவது என்பதையும் விலையோடு பேச வேண்டும். கரண்ட் நின்றால் ஜெனரேற்றர் ஏசிக்கும் ஓடுமா, லைற்றுக்கும் விசிறிக்கும் மட்டுமா என்று கேளுங்கள்.

கலியாண மண்டபத்தோடு சேர்ந்த விடுதியென்றால் இன்னொரு சிக்கல். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அறை வேண்டும் என்று உங்களை மூட்டை முடிச்சோடு பின்பக்க அறைக்கு மாற்றுவார்கள். மாற்றக்கூடாது, மாற்றினால் அன்றைய வாடகை இல்லை என்று எழுதுவியுங்கள்.

பேசிய விலை வரியோடா, வரி இல்லாமலா என்பதைக் கேட்காமல் விடுவதுதான் பெரிய செலவு. 3,000 என்று பேசிவிட்டு, பில்லில் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் (VAT) வரியும் ஏறினால் நாளுக்குக் குறைந்தது 3,840. மாதத்தில் 25,200 ரூபா வித்தியாசம். வற் வரிக்குப் பதியாத சிறிய விடுதி அந்த வரியை வாங்க முடியாது. வரி போட்டிருந்தால் பில்லில் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் கண்டதும் டொலர் விலை சொல்லும் பழக்கம் இங்கும் வந்துவிட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் காட்டி உள்ளூர் விலையைத் தயங்காமல் கேட்கலாம். அவர்களும் இந்நாட்டுப் பிரசைகளே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போய் திங்கள் திரும்பும் உத்தியோகத்தர்கள் மாத அறை எடுக்கவே தேவையில்லை. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு இரவுக்கு மட்டும் பேசி, பெட்டியை விடுதிக் களஞ்சியத்தில் பூட்டிவிட்டுப் போனால், சனி ஞாயிறில் விடுதிக்காரர் அறையை வேறு ஆளுக்குக் கொடுப்பார். மூன்று மாதத்துக்கு மேல் நிற்பவர்களுக்கு அனெக்ஸ் வீடுதான் (ஒரு வீட்டோடு சேர்ந்த தனி வாடகைப் பகுதி) மலிவு, முற்பணத்தைத் தாங்க முடிந்தால்.

வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையும் மடு, நல்லூர்த் திருவிழாக்களும் சேர்ந்து வரும் ஜூலை, ஓகஸ்டில் விலை இறங்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பேசிப் பாருங்கள்.

விடுதி உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாள் வாடகைக்குப் பக்கத்தில் ஏழு நாள், முப்பது நாள் விலைகளையும் வரியோடு சேர்த்து ஒரு பலகையில் எழுதி வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டுங்கள். வாங்கும் ஒவ்வொரு கிழமைப் பணத்துக்கும் திகதியும் அறை இலக்கமும் போட்டுப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். கலண்டர்த் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுப்பது கணக்காகாது. பேசியதற்கு மேல் பணம் கேட்கப்படுபவர்கள் அந்தப் பற்றுச்சீட்டுகளோடு நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

விடுதிக் கணக்காளர் ஒருவர்,
கிளிநொச்சி.