நடைவழிச் சுவரிலிருந்து வெனிஸ் வரை: பிரித்தானியக் கலைக்கூடங்களின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களே, பொதுத் தொலைக்காட்சிகளின் நிர்வாகிகளே,

வணக்கம். 2022இல் சோனியா பொய்ஸ், 2024இல் ஜோன் அகொம்ஃப்ரா, 2026க்கு லுபைனா ஹிமித். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலகக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயின் பிரித்தானிய அரங்கு அடுத்தடுத்து மூன்று முறை கறுப்பினக் கலைஞர்களின் கைக்கு வந்திருக்கிறது. பொய்ஸ் அங்கிருந்து அதன் உயரிய விருதான தங்கச் சிங்கத்தோடு திரும்பினார். லண்டனில் வாழும் தமிழச்சியான எனக்கு இதில் அளவில்லாத மகிழ்ச்சி. நீங்களும் பெருமைப்படுகிறீர்கள். ஆனால் இந்த மூவரும் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதை உங்கள் அறிக்கைகள் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1985இல் லண்டன் ஐ.சி.ஏ. கலைநிலையத்தில் ஹிமித் பதினொரு பெண்களின் படைப்புகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தார். அவருக்குப் பெரிய கூடம் கிடைக்கவில்லை. கிடைத்தது, ஆட்கள் வந்துபோகும் நடைவழிச் சுவர். பொய்ஸ், கிளாடெட் ஜோன்சன், இங்ரிட் பொலார்ட், வெரோனிகா ரயன் என்று இன்று நீங்கள் கொண்டாடும் பெயர்கள் பலவும் அந்தச் சுவரில்தான் இருந்தன. சாந்திநிகேதனில் பிறந்த சுதபா பிஸ்வாஸும் அங்கே இருந்தார். ஆபிரிக்க, கரீபியப் பெண்கள் தங்களுக்குக் கிடைத்த சிறிய இடத்தையும் ஆசியப் பெண்களோடு பகிர்ந்துகொண்டார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

பிரித்தானியாவின் பெயர்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசுக்கு ஐம்பது வயது என்று ஓர் எல்லை இருந்தது. 2017இல் அதை நீக்கினார்கள். அதே ஆண்டு, 63 வயதில், ஹிமித் அந்தப் பரிசை வென்றார். அதை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 2022இல் ரயன் வென்றபோது அவருக்கு வயது 66. இவர்களுடைய கலை அறுபதுக்குப் பிறகு திடீரென்று மெருகேறிவிடவில்லை. கதவு அப்போதுதான் திறந்தது.

ஹிமித் 2004இல் செய்த ஒரு படைப்பை உங்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்கள்? பலகையில் வெட்டி வண்ணம் தீட்டிய, ஆளுயர நூறு உருவங்கள். ஐரோப்பிய அரசவைகளில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆபிரிக்கர்கள்: முரசடிப்போர், வரைபடம் வரைவோர், செருப்புத் தைப்போர், மூலிகை அறிந்தோர், நாய்களைப் பழக்குவோர். ஒவ்வொருவர் முதுகிலும் கணக்குத்தாள் போல ஒரு காகிதம். தாய் தகப்பன் வைத்த பெயர், எசமான் வைத்த பெயர், முன்பு செய்த தொழில், இப்போது செய்யும் வேலை, இன்னும் பறிபோகாமல் மிஞ்சியிருக்கும் ஏதோ ஓர் ஆறுதல், இவ்வளவும் அதில் இருக்கும். பெரிய மாளிகை ஓவியங்களின் மூலையில் பெயரில்லாமல் நின்ற வேலைக்காரர்களை இவர் நடுக்கூடத்துக்கு அழைத்துவந்து பேச வைத்தார். அழகும் கோபமும் இப்படிச் சேர்ந்து நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ரயன் செய்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்த விண்ட்ரஷ் கப்பல் தலைமுறையை நினைவுகூர, லண்டனின் ஹாக்னி உள்ளூராட்சி மன்றம் சிற்பம் கேட்டபோது, மொன்செராட் தீவில் பிறந்த அவர் தலைவர் எவருடைய சிலையையும் வடிக்கவில்லை. ஓர் அன்னமுன்னா, ஓர் ஈரப்பலா, ஒரு முட்சீத்தா. பளிங்கிலும் வெண்கலத்திலும் செய்த பெரிய பழங்கள், 2021 முதல் தெருவோரத்தில் கிடக்கின்றன. குழந்தைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். ஊரை விட்டு வந்த எவருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை.

இனி, திரைக்கு வருகிறேன்.

அக்ராவில் பிறந்த அகொம்ஃப்ராவும் நண்பர்களும் 1982இல் போர்ட்ஸ்மத்தில் மாணவர்களாக இருந்தபோது பிளாக் ஓடியோ ஃபிலிம் கலெக்டிவ் என்ற திரைப்படக் குழுவைத் தொடங்கினார்கள். பர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வர்த் பகுதியில் 1985இல் நடந்த கலவரத்தைப் பற்றி 1986இல் அவர்கள் எடுத்த படம், செய்திப் பிரிவுகள் கேட்க மறந்த கேள்விகளைக் கேட்டது. 2011இல் இங்கிலாந்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் அதே படத்தை எடுத்துத் திரையிட்டது. கால் நூற்றாண்டு கழித்தும் அதற்கு வேலை இருந்தது. திரைப்படக் கலைஞர் ஐசக் ஜூலியனின் சங்கோஃபா குழுவும் அந்த ஆண்டுகளில்தான் உருவானது.

இது தானாக நடந்ததில்லை. அப்போது புதிதாகத் தொடங்கிய சனல் 4 தொலைக்காட்சி, திரைத்துறைத் தொழிற்சங்கத்தோடும் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தோடும் ஓர் உடன்பாடு செய்தது. லாபத்துக்காக இயங்காத சிறு குழுக்களுக்கு, ஒரே ஒரு படத்துக்கு என்றில்லாமல், ஆண்டுக் கணக்கில் சம்பளம் கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் இவர்கள் படித்தார்கள், தவறினார்கள், மற்றவர்களுக்குக் கற்றும் கொடுத்தார்கள். 2024இல் வெனிஸில் நீங்கள் கைதட்டியது நாற்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட விதைக்கு.

அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது பெரும் பிழை என்பது என் உறுதியான எண்ணம். இன்று இருபத்தைந்து வயதில் லண்டனின் பெக்கமிலோ பிரிக்ஸ்டனிலோ கமெராவைத் தூக்கும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? ஆறு மாத உதவித்தொகை, ஒரு குறும்படம், பிறகு வீட்டு வாடகைக்காக வேறு வேலை.

குழுவாக இயங்கும் கறுப்பின இளைஞர்களுக்கு ஐந்தாண்டுச் சம்பளம் கொடுங்கள். எந்தப் படம் வரும் என்று முன்கூட்டியே கேட்காதீர்கள். வாங்கிய படைப்புகளைக் கிடங்கில் வைத்துவிட்டு கறுப்பின வரலாற்று மாதமான ஒக்டோபர் வந்தால் மட்டும் தூசி தட்டாதீர்கள். ஆண்டு முழுவதும் பெரிய கூடங்களில் வையுங்கள். உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் இரண்டு எண்களை அச்சிடுங்கள்: உங்களிடம் உள்ள கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளில் இன்று எத்தனை மக்கள் பார்வையில் இருக்கின்றன, முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்த எத்தனை கறுப்பினப் படைப்பாளிகளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

அந்தப் பக்கத்தை எதிர்பார்த்து,
லண்டன் தமிழ் வாசகி ஒருத்தி