கேட்கப்படாமல் கிடந்த பதில்

தக்கலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் நர்சிங் சேர்ந்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஊருக்கு வரும்போது அவளைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்கிறார். இங்கே ஒரு வாரமாக மழை. ரப்பர் வெட்டு நின்றுபோனதால் மலையோர ஊர்களில் ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால், தூக்கி உட்கார வைக்கக் கை கிடைக்கிறது.

உன் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பை ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். ஏற்றுக்கொள் மக்கா. ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும்.

நான் 'மக்களைத் தேடி மருத்துவம்' குழுவோடு வீடு வீடாகப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிசியோதெரபி செய்ய நான், படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்க ஒரு செவிலியர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். இவர்களில் தன்னார்வலர் அந்த ஊர்க்காரர், சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். அதிகாரத்தில் கடைசி ஆள். வீட்டின் அடுக்களை வரை போக முடிகிறவரும் அவர்தான்.

முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். இதயம் பலவீனமாகி, இரண்டு காலும் வீங்கி, இரவில் படுத்தால் மூச்சு முட்டும் நிலை. ஒரு தனியார் மருத்துவமனையில் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடியவில்லை. அடுத்த முறை அளவைக் கூட்டினார்கள். அப்போதும் வடியவில்லை. உப்பைக் குறை, கருவாட்டை விடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், அவரும் விட்டார். கால் அப்படியேதான் இருந்தது.

எங்கள் தன்னார்வலருக்குக் காரணம் முதலிலிருந்தே தெரியும். அந்த அக்கா விடியும் முன்னே கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து, வேனில் ஏறி, மேட்டு ஊர்ச் சந்தைக்குப் போகிறவர். காலையில் அந்த மாத்திரையை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முட்டத் தொடங்கும். ஐந்தாறு மணி நேரம் விடாது. சந்தையில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வியாபாரம் இருக்கும் நாளில் மாத்திரையைத் தொடவே மாட்டார். டாக்டர் திட்டுவார் என்று பயந்து அக்கா சொல்லவில்லை. தன்னை யாரும் கேட்காததால் தன்னார்வலரும் சொல்லவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த கூட்டத்தில் எங்கள் மருத்துவர் தன்னார்வலர் பக்கம் திரும்பி, "நீங்கள்தான் அந்த வீட்டுக்கு அடிக்கடி போகிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மாத்திரையைச் சந்தையிலிருந்து திரும்பிய பிறகு, மதியம் போடச் சொன்னார் மருத்துவர். அளவையும் பழைய அளவுக்கே குறைத்தார். கால் வடிந்தது. இப்போது அக்கா படுத்துத் தூங்குகிறார். மருந்து மாறவில்லை, அளவும் கூடவில்லை, போடும் நேரம்தான் மாறியது.

ஒற்றுமையாக இருங்கள், அனுசரித்துப் போங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அக்காவைச் சுற்றியிருந்த எல்லோரும் அனுசரித்துத்தான் போனார்கள். ஒருவருக்கொருவர் மரியாதைக் குறைவே கிடையாது. குறையாக இருந்தது, தெரிந்தவர் வாய் திறக்க ஒரு இடம். அந்த இடத்தை மேலே இருப்பவர்தான் உண்டாக்க வேண்டும். கீழே இருப்பவரின் தைரியத்தை நம்பி நோயாளியை விட்டுவைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் நம் மாவட்டத்தில் வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் எண்ணெய் தேய்க்கப் போவது உனக்குப் புதிதல்ல. டாக்டரிடம் ஆசானைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆசானிடமும் டாக்டரைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். குலசேகரம் பக்கம் ஒரு நோயாளிக்குச் செயலிழந்த தோள் வலி கூடிக்கொண்டே போனது. ஆசானை நேரில் போய்ப் பார்த்தேன். தளர்ந்த தோள்மூட்டு இறங்கி நிற்கிறது, கையை மேலே இழுத்தால் கெடும் என்று தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, அன்றே இழுப்பதை நிறுத்தினார். கேட்டுவிட்டு, "குதிகாலைப் பார்த்தீர்களா? சிவந்து கிடக்கிறது" என்றார். படுக்கைப்புண்ணின் தொடக்கம். செவிலியரிடம் அன்றே சொல்லி, காலுக்குக் கீழே தலையணை வைக்க ஏற்பாடு செய்தோம். அவருடைய மருத்துவம் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த உடம்பை அதிக நேரம் தொடுகிற கை அவருடையது.

இப்போது உன் விஷயம். அறுவையின்போது வயிற்றுக்குள் தங்கிவிடாமல் எண்ணி எடுக்கும் துணிகளில் ஒன்று குறைகிறது என்று அந்த இளம் செவிலியர் சொல்லியும் தையல் நிற்கவில்லை, நீ குரல் கொடுத்த பிறகே நின்றது என்று எழுதியிருந்தாய். அறுவைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் மட்டும் ஒழுங்காக 'டிக்' அடிக்கப்பட்டிருந்தது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்குத் தூக்கம் போனது.

2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அந்த 19 அம்சப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதே பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் கடைப்பிடித்தபோது, சொல்லும்படியான குறைவு தெரியவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. ஏன் என்பதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் படுவது, தாள் நிரம்புவது வேறு, ஆட்கள் வாய் திறப்பது வேறு என்பதுதான். கத்தி வைக்கும் முன் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பல இடங்களில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை குரல் எழுப்பியவருக்கு 'எண்ணிக்கை சரியில்லை' என்று சொல்வது அவ்வளவு கடினமாக இராது.

நெய்யூர் மருத்துவமனையைப் பற்றி நினைத்தாலும் எனக்கு இதே எண்ணம்தான். 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. எவரெஸ்ட் ஏறப் போனவரும் அங்கே பணியாற்றியவருமான சோமர்வெல் டாக்டரைப் பெரியவர்கள் இன்றும் வாயாரச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியவர்தான். அவர் வெட்டியதைக் கட்டி, இரவெல்லாம் விழித்துக் காத்த கம்பவுண்டர்கள், செவிலியர்கள் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

அதனால் அந்தப் பொறுப்பு உன்னிடம் இருக்கட்டும். ஏற்றதும் முதல் வேலையாக, எண்ணுகிறவர் 'நிறுத்துங்கள்' என்றால் தையல் நிற்க வேண்டும், உன் குரலுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று அறுவை மருத்துவர்களிடமும் மயக்க மருத்துவரிடமும் பேசி எழுத்தில் வாங்கு. சிலர் முகம் சுளிப்பார்கள். உனக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது, தாங்கிக்கொள்வாய். அந்தப் பெண்ணால் இப்போது முடியாது.

உங்கள் தியேட்டரில் டூட்டி மாறும்போது என்னென்ன சொல்லி ஒப்படைக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்பு. தன்னார்வலரும் செவிலியரும் நானும் ஒரே நோட்டில் எழுதும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம். எங்கள் மருத்துவர் சம்மதித்துவிட்டார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி